குதிரைக்கு மூட்டு வலியா? மனுஷன் ஊசி வேண்டாம்!

சத்தியமங்கலம்: ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் ஆசையாக வாங்கி வந்த குதிரைக்கும் ஒருநாள் வயசாகும். 20 வயசைத் தாண்டிய குதிரை காலையில் எழவே திணறும். முதலில் நொண்டும், நடக்க நடக்கக் கொஞ்சம் சரியாகும். மூட்டு தேய்ந்ததன் அறிகுறி இது. பாவம் என்று கட்டியே போட்டால் மூட்டு இன்னும் இறுகிவிடும். மண் தரையில் தினமும் மெதுவா நடத்துங்க. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவணும். உடம்பு பெருக்க விடக்கூடாது.

வலி அதிகமானால் கால்நடை டாக்டரிடம்தான் போகணும். மெடிக்கலில் டைக்ளோபினாக் வாங்கிப் போடாதீங்க. கால்நடைகளுக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்ட மருந்து. ஊசி போட்ட குதிரையோ மாடோ செத்தால், அதைத் தின்னும் பாறு கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். தமிழகத்தில் பாறு கழுகுகள் பெரும்பாலும் மிச்சமிருப்பது நம்ம மாயாறு பள்ளத்தாக்கு பக்கம்தான். 2023-ல் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக்கும் தடையாகிவிட்டன. மெலாக்சிகம் கழுகுக்கு ஆபத்தில்லாதது. எத்தனை மில்லி என்பதை டாக்டர் சொல்வார்.