மழை விட்ட பிறகுதான் வேலையே!

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவள் நான். மழை என்றால் எந்தச் சாலையில் நெரிசல் என்று சொல்வதோடு என் வேலை முடிந்துவிடும். அண்மையில் ஒரு மாலை, கிள்ளானில் எங்கள் வீட்டு வாசல் லோங்காங்கில் தண்ணீர் தே தாரிக் நிறத்தில் பொங்கி வந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அடையாள அட்டைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். 2021 டிசம்பர் வெள்ளம் கற்றுத்தந்த பழக்கம் அது.

நல்லவேளை, தண்ணீர் உள்ளே வரவில்லை. மறுநாள் பார்த்தால் லோங்காங்கில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண். தெருமுனையில் கட்டுமானத்துக்காகக் குவித்திருந்த மண்தான். தண்ணீர் வடிந்துவிடும், மண் வடியாது. அடுத்த மழைக்கு அவ்வளவு இடம் குறைந்துவிட்டது.

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 70ஏ பிரிவின்படி, மண்வேலை தொடங்குமுன் ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். மண்ணரிப்பைத் தடுக்கும் வழிகளை வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ கையேடு விளக்குகிறது. அதன் இரண்டாம் பதிப்பும் வந்துள்ளது.

சரிவுகளை மூட வேண்டும். ஓரத்தில் மண்ணைத் தடுக்கும் துணிவேலி வேண்டும். கலங்கல் நீர் தேங்கித் தெளிய வண்டல் குட்டை வேண்டும். லாரி வெளியேறுமுன் சக்கரத்தைக் கழுவ வேண்டும்.

"இதெல்லாம் முதல் நாள் இருக்கும். பத்தாவது மழையிலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை," என்றாள் பொறியியலாளரான என் தோழி. கிழிந்த வேலியும் நிரம்பிய குட்டையும் இல்லாததற்குச் சமம். அதனால்தான் வழக்கமான சோதனையோடு, ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் தளத்தைச் சுற்றிப் பார்த்து, பழுதைச் சரிசெய்து, பதிவேட்டில் எழுத வேண்டும் என்றாள்.

கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த நீர் கூடுமிடம் என்றுதான் பொருள். பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆறுதான் எங்கள் ஊருக்கும் வருகிறது. அங்கே கழுவிவிட்ட மண் இங்கே வந்து படியலாம்.

உங்கள் தெருவிலும் கலங்கல் நீர் வந்தால் தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். வேலிக்கு வெளியே நின்றே எடுக்கலாம். தளத்தின் அறிவிப்புப் பலகையையும் சேர்த்து எடுத்து, பிரிக்பீல்ட்ஸ் என்றால் கோலாலம்பூர் மாநகர் மன்றத்துக்கும், மற்ற இடமென்றால் உங்கள் ஊராட்சி மன்றத்துக்கும் புகார் அனுப்புங்கள்.

நானும் அனுப்பினேன். நான்காம் நாள் ஆட்கள் வந்து மண்ணை அள்ளினார்கள். புதுத் துணிவேலியும் நின்றது. பத்திரத்தை மட்டும் அம்மா இன்னும் கீழே இறக்கவில்லை.

"அடுத்த மழை வரட்டும், பார்க்கலாம்," என்கிறார்.