சித்திரைச் சூறையும் மாடிக் கூரையும்

மாசி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. அஸ்தம்பட்டியிலிருந்து பரமத்திவேலூர் வரை மொட்டை மாடிகளில் ஷெட் எழும்பும் பருவம் அது. வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தால் மனிதர் என்னதான் செய்வார்? ஷெட் போட்டால் கீழ்வீடு குளிரும், துணி காயும், சாயங்காலம் உட்காரலாம். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. தளத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி இரும்புச் சட்டத்தில் ஒரு திண்ணை, படிக்கூண்டின் மேல் இன்னொரு மேடை, அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி என்று அடுக்கடுக்காகப் போகிறது.

இத்தனைக்கும் பேச்சுவார்த்தையில் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: சதுர அடி என்ன ரேட்? ஷீட் எந்தக் கம்பெனி என்பதைச் சிலர் கேட்பார்கள். கால் எதில் நிற்கிறது, எதைக் கொண்டு பிடித்திருக்கிறது என்று கேட்பவர் அரிது. ஷெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிற்பாடு சண்டை வந்தால் வழக்கின் உயிரும் அங்கேதான்.

கோடை மழைக்கு முன்னோடியாக வரும் சூறைக்காற்று மோகனூர், பரமத்திவேலூர் பக்கம் குலை தள்ளிய வாழைத் தோட்டத்தை ஒரே மாலையில் படுக்க வைத்துவிடும். மாடிக் கூரையை அது சாய்ப்பதில்லை, தூக்குகிறது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 23 கிலோ அழுத்தம் கொடுக்கும். 20க்கு 30 அடி ஷெட் என்றால் பரப்பு ஏறக்குறைய 56 சதுர மீட்டர். அந்த அழுத்தம் அடியிலிருந்து முழுசாகத் தள்ளினால் 1,280 கிலோ மேல்நோக்கி இழுக்கும். கலர் ஷீட்டும் குழாயும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 கிலோ என்று தாராளமாக வைத்தாலும் மொத்த எடை 840 கிலோதான். மீதி 440 கிலோவைப் பிடித்து நிறுத்துவது காலடியில் இருக்கும் போல்ட் மட்டுமே. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டடங்களின் காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875, மூன்றாம் பகுதி, கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர், திருச்சிக்கு 47 மீட்டர் என்று அடிப்படை வேகம் குறித்திருக்கிறது. மணிக்கணக்கில் சொன்னால் 140, 169 கிலோமீட்டர். கடலோரம் இல்லையே, நமக்கென்ன புயல் என்ற தைரியம் இங்கே செல்லாது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ரிக் வண்டிப் பட்டறைகள் என்று கைதேர்ந்த வெல்டர்களுக்கு இந்த வட்டாரத்தில் குறைவே இல்லை. சேசிஸோடு யு-போல்ட் போட்டு இறுக்காமல் எந்த பாடியையும் அவர்கள் ரோட்டில் விடமாட்டார்கள். அதே கைகள் மாடிக்கு வந்ததும் நாலு அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவரின் மேல் தகட்டை வைத்துச் சிமெண்ட் பூசிவிட்டு இறங்குகின்றன. அந்தச் சுவர் பாரத்தைத் தாங்குமே தவிர, மேலே இழுக்கும் விசையைத் தாங்காது.

தளத்தில் ஓட்டை போடும்போது பக்கத்தில் நின்று தூளைப் பாருங்கள். முதலில் வருவது தட்டோட்டின் செந்தூள். அடுத்து செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தின் வெளிறிய தூள். அதன் கீழேதான் கான்கிரீட். அதன் தூள் சாம்பல் நிறம். சாம்பல் தூள் வருமுன்னே ஆங்கர் போல்ட்டை இறக்கினால் அது பிடித்திருப்பது ஓட்டையும் ஜல்லியையும்தான். கான்கிரீட்டை எட்டினாலும் வெறும் தளத்தைவிட பீம், தூண் மேல் கால் அமைவதே நல்லது. மேல்மாடிக்கென்று விட்டுவைத்த தூண் கம்பி இருந்தால் அதோடு கட்டி சின்னக் கான்கிரீட் பீடம் எழுப்பி, பீடத்தில் போல்ட்டைப் பதித்துவிடலாம். தண்ணீர் தடுப்புத் தளத்தைத் துளைக்காமல் தப்பிக்கவும் இதுவே வழி. துளைத்த இடத்தைச் சரியாக அடைக்காவிட்டால் ஐப்பசி மழையில் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

வெயில் செய்கிற வேலை வேறு. பத்து மீட்டர் இரும்புக் குழாய் விடியலைவிடப் பிற்பகலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும், ராத்திரி சுருங்கும். தினமும் நடக்கிற இந்த இழுபறியில் திருகாணி ஓட்டை அகலும், அடியிலிருக்கும் ரப்பர் வாஷர் வெடிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை, பங்குனியில், திருகாணிகளை இறுக்கிப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை. அதை எந்த ஒப்பந்தக்காரர் மேலும் போட முடியாது.

குளிர்ச்சிக்காகப் போடுகிறோம் என்றால் நாமக்கல் கோழிப் பண்ணையைப் பார்த்துப் போடலாம். அங்கே கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக ஓடும், வெயில் பக்கவாட்டில் உள்ளே நுழையாது. பக்கங்கள் திறந்திருக்கும், சூடான காற்று மேலே ஏறி வெளியேறும். கோழிக்கு இவ்வளவு யோசிக்கிற ஊரில் வீட்டு மாடியில் மட்டும் ஷீட்டைத் தாழ இறக்கி, நாலு பக்கமும் தகரத்தால் அடைத்து, அடுப்பாக்கி, அதையும் வாடகைக்கு விடுகிறோம்! நிழல் மட்டும் போதும் என்பவர் தளத்துக்கு வெள்ளை பூசி, பச்சை வலை கட்டிப் பார்த்துவிட்டு ஷெட்டைப் பற்றி யோசிக்கலாம். செலவும் குறைவு, காற்றுப் பயமும் குறைவு. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அறுக்கவோ துளைக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்த விஷயம்.

அடுக்கு மேடை கட்டுகிறவர்கள் இரண்டு கணக்கைத் தவறவிடுகிறார்கள். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடித் தளத்துக்கு ஐஎஸ் 875, இரண்டாம் பகுதி, சொல்லும் புழக்கப் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை நாலு கால் மேடையில் வைத்தால் ஒவ்வொரு காலும் கால் டன்னை ஓர் உள்ளங்கை இடத்தில் இறக்கும். இது பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், பட்டறையில் பேசி முடிக்கிற விஷயம் அல்ல. இன்னொன்று குழந்தைகள் சம்பந்தப்பட்டது. மாடி விளிம்பின் தடுப்பு ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட நெறிமுறை. மூன்றரை அடிச் சுவர் இருக்கிறதே என்று அதன் ஓரமாக ஒன்றரை அடி மேடை போட்டால், மேடையில் நிற்கும் பிள்ளைக்கு அது இரண்டடிச் சுவர். மேடை உயர்ந்தால் கம்பித் தடுப்பும் அந்த அளவுக்கு உயர வேண்டும்.

கம்பி, ஆள், கூலி

குழாய்கள் 20 அடி நீளத்தில் வருகின்றன. அவற்றைத் தெருவிலிருந்து செங்குத்தாக நிமிர்த்தி மாடிக்கு ஏற்றும் அந்தச் சில நிமிடங்களே வேலையில் மிக ஆபத்தானவை. தெருவோர மின்கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை; உயர் அழுத்தக் கம்பியை நெருங்கினாலே மின்சாரம் பாயும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பி கட்டடத்தின் மேல் போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பிக்கு மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். இந்த அளவைக் கட்டிய வீட்டுக்கு மட்டுமல்லாமல், புதிதாக எழும்பும் ஷெட்டின் விளிம்பிலிருந்தும் பார்க்க வேண்டும். இடைவெளி போதாது என்றால் கம்பியை மாற்றியமைக்க மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்து மதிப்பீட்டுத் தொகை கட்டலாம். குழாய் ஏற்றும் நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்கலாம். மின்னகம் எண் 94987 94987. மாடியில் விளக்கு, மின்விசிறி மாட்டினால் இரும்புச் சட்டத்துக்கு எர்த் கொடுக்காமலும், கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி இல்லாமலும் விடாதீர்கள்.

செலவு குறையும் என்று, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து வெல்டரை நாள் கூலிக்கு வைக்கும் வழக்கம் இங்கே அதிகம். இதில் இரட்டைச் சிக்கல் இருக்கிறது. நேரடியாகக் கூலிக்கு அமர்த்தினால் நீங்களே வேலை கொடுத்தவர். அவர் மாடியிலிருந்து விழுந்தால், 1923-இல் வந்து இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்ட இழப்பீட்டுச் சட்டக் கேள்வி உங்கள் வாசலுக்கே வரலாம். கூரை பறந்துபோனாலோ, இது சேவை ஒப்பந்தம் அல்ல, கூலி வேலை என்ற வாதத்தில் நுகர்வோர் ஆணையத்தின் கதவு பாதி சாத்திக்கொள்ளும். ஒட்டுமொத்தமாக ஒப்பந்தம் பேசி, எழுதி வாங்குவதே இரண்டுக்கும் தற்காப்பு. வேலைக்கு வருகிறவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் பதியச் சொல்லுங்கள். நண்பகலில் தகரத்தின் மேல் ஆளை ஏற்றாதீர்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது; வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு.

அனுமதியும் அக்கம்பக்கமும்

‘மாடி ஷெட்டுக்கு அனுமதி வேண்டாம்’ என்று சொல்லாத மேஸ்திரி இல்லை. நாலு பக்கமும் திறந்த நிழற்கூரையும், செங்கல் வைத்து அடைத்து ஆள் குடியிருக்கும் அறையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றல்ல. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தன, பின்பு பலமுறை திருத்தப்பட்டன. அதனால் உங்கள் வரைபடத்தையும் கட்டப்போவதன் அளவையும் மனுவில் எழுதி, உள்ளாட்சி அலுவலகத்தில் பதிலை எழுத்தில் கேளுங்கள். நாமக்கல் 2024-இல் மாநகராட்சி ஆனது. முன்பு ஊராட்சியில் இருந்து இப்போது மாநகர எல்லைக்குள் வந்த வீட்டுக்காரர்கள் பழைய பழக்கத்தை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு அனுமதி வாங்கியவர்கள், மாடியில் கூட்டும் பரப்பு அந்த வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971, பிரிவு 56, அனுமதியின்றிக் கட்டியதை அகற்றச் சொல்லவும், பிரிவு 57, நடக்கும் வேலையை நிறுத்தவும் அதிகாரம் தருகிறது. அப்படி நோட்டீஸ் வந்தால் பெட்டியில் போட்டு மூடாமல், அதில் குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமைகள் இருக்கின்றன. ஷீட்டின் தண்ணீர் அவர் சுவரில் கொட்டக் கூடாது. அவருடைய ஜன்னல் 20 ஆண்டு தடையின்றி வெளிச்சமும் காற்றும் பெற்றிருந்தால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி அதைப் பெருமளவு மறைப்பதற்கு எதிராக அவர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். உங்கள் ஷீட் பறந்து அவர் காரில் விழுந்தால், இயற்கைச் சீற்றம் என்று கைவிரிப்பது எடுபடாமல் போகலாம். போல்ட் ஒழுங்காக இருந்ததா என்றுதான் கேட்பார்கள். கட்டடம் எழுப்புவதில் காட்டும் அலட்சியம் மனித உயிருக்கு ஆபத்தானால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 290-இன்படி ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

பணம் போனால்

முன்பணம் வாங்கிக்கொண்டு பாதியில் விட்டுப்போவது, மூன்று மில்லிமீட்டர் சொல்லி இரண்டு மில்லிமீட்டர் குழாய் போடுவது, முதல் கோடை மழையிலேயே ஒழுகுவது என்று புகார்கள் பல மாதிரி. ஒப்பந்தத் தாளில் இருக்க வேண்டியவை: குழாயின் அளவும் கனமும், ஷீட்டின் கனம், போல்ட்டின் விட்டம், அது எதில் பதிகிறது, எப்போது முடியும், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம். கனம் குறைத்தால் எடை காட்டிக்கொடுக்கும். லாரி ஊரில் எடை மேடைக்கா பஞ்சம்? பத்தில் ஒரு பங்குத் தொகையை முதல் சூறைக்காற்று கடந்த பிறகு தருவதாக எழுதுங்கள். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, வீடு கட்டும் பணியையும் சேவை என்றே வரையறுக்கிறது. தவறு தெரிந்ததும் முதலில் எதையும் கழற்றாதீர்கள். பிய்ந்த போல்ட், காலடித் தகடு, கிழிந்த ஷீட் இவற்றை நெருக்கத்தில் படமெடுத்து, பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிய்ந்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு ஆணையத்துக்குப் போனால் காட்ட ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வந்த ரேட், யுபிஐயில் போன பணம் எல்லாமே ஆதாரம்தான், உரிய சான்றுடன் தாக்கல் செய்தால். குறையைச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பலனில்லை என்றால் சேலத்திலோ நாமக்கல்லிலோ நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘வந்து சரிபண்ணித் தர்றேங்கண்ணா’ என்ற வாய்ச்சொல்லை நம்பி அதைக் கரைத்துவிட்டவர்கள் பலர். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு. அதற்கான எண் 15100.