கொப்பியில் மரடோனா, போனில் சலாஹ்

சனிக்கிழமை பின்னேரம் 4.30 மணிக்குப் புத்தளம் மாவட்டத்து மதுரங்குளி இளைஞர்களிடையே ஒரு தனி அவசரம் உண்டு. இங்கிலாந்தில் அப்போது காலை 11 மணி. அங்கே அன்றைய முதல் ஆட்டம் பகல் 12.30க்குத் தொடங்கும். அதற்கு ஒன்றரை மணிநேரம் முன்பே ஃபேன்டசி பிரீமியர் லீக்கின் கதவு அடைபட்டுவிடும். அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் மாதங்களில் நமக்கு அது 3.30. அசர் தொழுதுவிட்டுப் பந்தோடு மைதானத்துக்கு இறங்குகிற நேரமும் ஏறக்குறைய அதுதான். பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே ஒருவன் கேட்கிறான்: "மச்சான், கெப்டன் ஆரு? ஹாலண்டா, சாகாவா?" மற்றவன் பதில் சொல்லவில்லை. தொடுதிரையில் அவன் விரல் இன்னும் ஒரு பின்கள வீரனை விற்பதா வைப்பதா என்று தடுமாறிக்கொண்டிருக்கிறது.

விளையாடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கையில் 100 மில்லியன் பவுண் இருப்பதாகக் கற்பனை. அதற்குள் பதினைந்து பேரை வாங்க வேண்டும்: கோல் காப்பாளர் இருவர், பின்களத்தில் ஐவர், மத்தியகளத்தில் ஐவர், முன்களத்தில் மூவர். ஒரு கழகத்திலிருந்து மூன்று பேருக்கு மேல் எடுக்க முடியாது. அந்த வார ஆட்டங்களில் அவர்கள் நிஜமாகச் செய்வதெல்லாம் உங்களுக்குப் புள்ளிகளாக வந்து விழும். முன்கள வீரன் கோல் போட்டால் 4, மத்தியகள வீரன் போட்டால் 5, பின்கள வீரன் போட்டால் 6. கோல் போட உதவினால் 3. மஞ்சள் அட்டைக்கு ஒன்று கழியும், சிவப்புக்கு மூன்று. கெப்டனின் புள்ளி இரட்டிப்பு. விளையாட்டின் அடிப்படை இதுதான். அமெரிக்க உதைபந்துக்கு இப்படியொரு கற்பனை அணி விளையாட்டை 1963இல் ஓக்லண்ட் நகரத்தில் தொடங்கினார்கள். நம் உதைபந்துக்கு இத்தாலியில் 1990இல் றிக்கார்டோ அல்பினி என்ற பத்திரிகைக்காரர் விதி எழுதினார். மறு வருடம் இங்கிலாந்தில் அன்ட்ரூ வெயின்ஸ்டீன் தொடங்கினார். இன்று எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற பிரீமியர் லீக்கின் சொந்த விளையாட்டு 2002இல் வந்தது. 2022/23 பருவத்தில் உலகம் முழுக்க 11 மில்லியனுக்கு மேற்பட்டவர்கள் இதில் அணி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் மதுரங்குளியில் உதைபந்தைப் பின்தொடர்வதற்கு ஒரு கொப்பி போதும். நாற்பது பக்கச் சீஆர் கொப்பி, கோதுமை மாவைக் காய்ச்சிய பசை, உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த கத்தரிக்கோல். தினகரனிலும் வீரகேசரியிலும் விளையாட்டுப் பக்கத்தில் வருகிற கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் ஒட்டப்படும். யாராவது கொழும்பிலிருந்து 'ஸ்போர்ட்ஸ்டார்' சஞ்சிகை கொண்டுவந்தால் அதன் நடுப்பக்க வண்ணப்படத்துக்குச் சண்டையே நடக்கும். பெரும்பாலும் கிரிக்கெட் வீரர்கள்தான் இருப்பார்கள். எப்போதாவது ஒரு உதைபந்துக்காரன் வருவான். அந்த ஒன்றை யார் வைத்துக்கொள்வது என்று தீராமல், முறை போட்டு வாரத்துக்கொரு வீட்டுச் சுவரில் தொங்கவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

1986 உலகக் கிண்ணத்தைப் பார்த்த தலைமுறை மரடோனாவை அப்படித்தான் அறிந்தது. ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கி நாலு வருடம். மின்சாரம் எட்டாத வீடுகளில் கார் பற்றரியில் ஓடுகிற சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆட்டத்தின் நடுவில் பற்றரி இறங்கிவிட்டால் முடிவு மறுநாள் பத்திரிகையில்தான். பார்த்தது கொஞ்சம், பேசியது அதிகம். இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா அடித்த இரண்டாவது கோலில் எத்தனை பேரைக் கடந்தார் என்பது ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு கணக்கு. ஆனால் எந்தக் கணக்குச் சொன்னவனும் ஆர்ஜன்டீனாக் கட்சியா பிரேசில் கட்சியா என்பதில் குழப்பமே இல்லை. வீட்டுக்கு ஒரு கட்சி. சில வீடுகளில் நானாவுக்கும் தம்பிக்கும் இடையில் அது வேலியாகவே நின்றது.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் இந்தக் கரை நெடுகிலும் வந்து இறங்கினார்கள். உடுத்த துணியோடு வந்த அந்த மக்களில் மன்னார்ப் பகுதிக்காரர்கள் உதைபந்தில் ஊறியவர்கள். முகாம் ஓலைக்குடிசைகளுக்கு நடுவில் முதலில் சமன் செய்யப்பட்ட நிலங்களில் ஒன்று பந்தடிக்கிற இடமாக இருந்தது. புத்தளம் மாவட்ட உதைபந்தின் இன்றைய பலத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த வரவைச் சொல்லாமல் விடக்கூடாது. துயரத்தோடு வந்தவர்கள் இந்த மண்ணுக்கு விளையாட்டைக் கொடுத்தார்கள்.

புத்தள நகரத்தில் ஒரு கழகத்துக்குப் பெயரே லிவர்பூல். தூரத்து அணி மீதான பிரியத்தை அந்தக் கொப்பித் தலைமுறை இப்படித்தான் காட்டியது: பெயரை எடுத்துத் தன் நெஞ்சில் குத்திக்கொண்டு, தானே இறங்கி விளையாடியது.

கொப்பிக்குப் பிறகு வந்தவை ஒட்டுப்படங்களும் வீரர் அட்டைகளும். இத்தாலியின் மொடேனா நகரத்தில் பனினி சகோதரர்கள் 1961இல் தொடங்கிய ஒட்டுப்படத் தொழில், 1970 மெக்ஸிகோ உலகக் கிண்ணத்தோடு உலகம் சுற்றத் தொடங்கியது. எங்கள் மாவட்டத்தின் தென்முனையில், வென்னப்புவைப் பக்கம், இத்தாலிக்குப் போய் உழைப்பவர்கள் ஏராளம். மதுரங்குளிக்காரர்களுக்கு வளைகுடா. டோஹாவிலோ ஜித்தாவிலோ சூப்பர் மார்க்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிற அட்டைப் பக்கற்றுகள், பால்மா டின்னுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் பெட்டியில் ஏறி வந்தன. கொப்பிக்காரர்கள் வெட்டி ஒட்டிய இடத்தில், பளபளக்கிற அட்டையில் வீரனின் தாக்குதல் பலமும் தடுப்புப் பலமும் எண்ணாக அச்சிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு வீரனை எண்ணாகப் பார்க்கிற பழக்கம் ஃபேன்டசிக்கு முன்னால் இந்த அட்டைகளில்தான் பிள்ளைகளுக்குத் தொற்றியது என்று எனக்குப் படுகிறது.

ஒட்டுப்படக் கணக்கு பொல்லாதது. 2022 கட்டார் உலகக் கிண்ணப் பனினி அல்பத்தில் 670 படங்கள். பக்கற்றில் ஐந்து. எல்லாப் படமும் சம அளவில் அச்சாகிறது என்றே வைத்துக்கொண்டாலும், யாரோடும் மாற்றிக்கொள்ளாமல் தனியாக ஒருவன் அதை நிரப்ப சராசரியாக 4,700 படங்களுக்கு மேல் வாங்க வேண்டும். 900க்கு மேற்பட்ட பக்கற்றுகள். அதே வருடம் மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இங்கே எந்தப் பிள்ளையாலும் அல்பம் நிரப்ப முடியாது. ஆனால் பத்துப் பேர் சேர்ந்து, இரட்டையாக வந்ததை மாற்றிக்கொண்டால் கணக்கு அப்படியே சரிந்துவிடும். அட்டை சேர்ப்பது கூட்டாளி தேடுகிற வேலையாக இருந்தது அதனால்தான். மதரசா விட்டு வருகிற வழியில் மதிலில் அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரு ரொனால்டோவுக்கு மூன்று சாதாரண ஆட்களா நான்கா என்று பேரம் பேசியவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள்தான் இப்போது வட்ஸ்அப் குழுவில் ஃபேன்டசி லீக் நடத்துகிறவர்கள்.

அந்தக் குழுவில் ஊரில் இருப்பவர்கள் பாதி, டோஹாவிலும் றியாத்திலும் இருப்பவர்கள் மீதி. நோன்புப் பெருநாள் வாழ்த்துக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்த மச்சான்மார் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை சண்டை பிடிக்கிறார்கள். இதை நான் மிகவும் மதிக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் போனபோதுகூட, போனில் மிஞ்சிய சார்ஜில் ஒருவன் தன் அணியை மாற்றிவிட்டு, போன் செத்துப்போன மற்றவனின் கடவுச்சொல்லையும் வாங்கி அவன் அணியையும் சரிசெய்து கொடுத்தான். போட்டியாளனுக்கு.

பார்வையும் கூர்மையாகிவிட்டது. முன்பு எங்களுக்குக் கோல் அடித்தவனை மட்டும் தெரியும். இப்போது பதினாறு வயதுப் பையன் போர்ன்மத்தின் இடப்பக்கப் பின்கள வீரனைப் பற்றிக் கால்மணிநேரம் பேசுகிறான். கோல் விடாமல் காத்தால் காப்பாளருக்கும் பின்களத்துக்கும் 4 புள்ளி என்பதால் அவன் தடுப்பாட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டான். 2025/26 பருவத்திலிருந்து, ஓர் ஆட்டத்தில் பந்தைப் பறிப்பது, இடைமறிப்பது, அப்புறப்படுத்துவது, தடுப்பது எல்லாம் சேர்த்து பத்தைத் தொட்டால் பின்கள வீரனுக்கு இரண்டு புள்ளி கூட. யாரும் பெயர் சொல்லாத வேலைக்குக் கூலி வந்துவிட்டது. விலை குறைந்தவனின் மதிப்பை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பதில் தனி இன்பம் இருக்கிறது. 2015/16இல் லெஸ்டரின் மஹ்றெஸ் வெறும் 5.5 மில்லியனுக்குக் கிடைத்து 240 புள்ளி எடுத்தார். 2017/18இல் 9 மில்லியனுக்கு வந்த மொஹமட் சலாஹ் 303 எடுத்து, 300ஐக் கடந்த முதல் ஆள் ஆனார். 2024/25இல் அவரே 344 ஆக்கினார். ஸுஜூதில் விழுகிற ஒரு வீரன் அந்தப் பட்டியலின் உச்சியில் நிற்பது எங்கள் ஊருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

இழந்ததும் உண்டு. பழைய ஆள் ஒருவர் வீட்டுத் திண்ணையில் இதை நேரடியாகக் கேட்டார்: "ஏன் மவன், ஒங்கட டீம் தோத்துட்டு. நீ சிரிக்கிறா?" மகன் ஆர்சனல் ரசிகன். ஆர்சனலுக்கு எதிராகக் கோல் போட்டவன் அவனுடைய ஃபேன்டசி கெப்டன். வாப்பாவின் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, நிஜமான குழப்பம். ஒரு கட்சிக்காக அழுது வளர்ந்தவருக்குப் பதினைந்து கட்சி புரியாது. நான் வாப்பாவின் பக்கம். அணி என்பது நமக்கு முன்னாலும் இருந்து நமக்குப் பின்னாலும் இருக்கப்போவது. அதற்காகத் தோற்றுப் பழகுவதில் ஓர் உறுதி கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை வாங்கி அடுத்த வெள்ளிக்கிழமை விற்கிற ஆளிடம் அது கிடைக்காது.

காசுப் பிரச்சினையையும் மூடி மறைக்க வேண்டாம். இது சூதா என்று பள்ளிவாசல் முற்றத்தில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. காசு கட்டாமல் விளையாடுகிற லீக்கில் தோற்றவனுக்கு நட்டமில்லை. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு வென்றவன் அள்ளிக்கொள்கிற இடத்தில் விஷயம் மாறிவிடுகிறது. இந்தியாவில் ட்ரீம்11 போன்ற நிறுவனங்கள் அதையே பெரும் வணிகமாக நடத்தின. 2025 ஓகஸ்ட்டில் காசு கட்டி விளையாடும் இணைய விளையாட்டுகளைச் சட்டம் போட்டுத் தடுத்ததும் ட்ரீம்11 அந்தப் போட்டிகளை நிறுத்தியது. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற பக்கற்றும் இந்தக் கேள்விக்கு வெளியே இல்லை. வீடியோ விளையாட்டுகளில் அதே பக்கற்று திரையில் வந்தபோது பெல்ஜியம் அதைச் சூது என்றே முடிவு செய்தது. எங்கள் வட்ஸ்அப் குழு காசு வேண்டாம் என்று தீர்மானித்தது. பருவ முடிவில் கடைசி இடம் வந்தவன் எல்லோருக்கும் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு அபிப்பிராயம்.

என் கவலை வேறு இடத்தில். ஃபேன்டசி லீக்கின் உயிர் எண்ணுவதில் இருக்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் குந்தியிருந்து ஒவ்வொரு தொடுதலையும் பதிவதால்தான் சலாஹ்வுக்கு 344 வந்தது. இலங்கை அணி 1995இல் கொழும்பில் இந்தியாவை 1–0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவரின் அட்டையாவது எங்கள் பிள்ளைகளின் கையில் இருந்திருக்கிறதா? 2021 நவம்பரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நான்கு நாடுகள் தொடரின் இறுதி ஆட்டத்தில் சீஷெல்ஸிடம் பெனால்டியில் தோற்றோம். ஜேர்மனியிலிருந்து வந்து விளையாடிய வஸீம் ராஸிக்கையும் காப்பாளர் சுஜான் பெரேராவையும் அப்போது தெரிந்துகொண்ட பிள்ளைகள் உண்டு. பிறகு 2023 ஜனவரியில் ஃபிஃபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஓகஸ்ட்டில்தான் தடை விலகியது. தேசிய அணிக்கே அந்தக் கதி என்றால் எங்கள் பக்கத்துக் கடையாமோட்டையிலும் விருதோடையிலும் கணமூலையிலும் விளையாடுகிறவனை யார் எண்ணுவது? இங்கிலாந்து லிவர்பூலின் மாற்று வீரன் எத்தனை நிமிடம் ஆடினான் என்பது எங்கள் பையன்களுக்குத் தெரியும். புத்தளம் லிவர்பூலில் பத்து வருடம் விளையாடியவன் மொத்தம் எத்தனை கோல் போட்டான் என்று அவனுக்கே தெரியாது.

இதைச் சொன்னபோது குழுவில் இருந்த இளையவர்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்த பெருநாள் சுற்றுப்போட்டியில் தாங்களே எழுதுவதாக ஒரு தாள் தயாரித்தார்கள்: பெயர், ஆடிய நிமிடம், கோல், உதவி, அட்டை. ஸ்டூடியோவில் படம் கழுவுகிற தாளிலேயே ஆளுக்கொரு அட்டை அடிக்கலாம் என்றார்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் அந்தச் சுற்றின் கணக்கு. ஒரு இடத்தில் மட்டும் இழுபறி. பிரீமியர் லீக் விதிப்படி கோல் விடாமல் காத்ததற்குப் புள்ளி வேண்டுமென்றால் 60 நிமிடம் ஆடியிருக்க வேண்டும். எங்கள் ஏழு பேர் ஆட்டம் முழுசாகவே முப்பது நிமிடம். இருபது நிமிடம் ஆடினால் போதும் என்றான் ஒருவன். முழு ஆட்டமும் ஆட வேண்டும் என்றான் மற்றவன். இருபது வருடம் ஊர் அணிக்குக் கோல் காத்த ஒரு நானா குறுக்கிட்டு, எங்கள் மைதானத்தில் கிழக்குப் பக்கக் கோலில் பின்னேர வெயில் நேரே கண்ணில் அடிக்கும், அந்தப் பக்கம் நின்று காத்தவனுக்கு 4 போதாது, 6 கொடுக்க வேண்டும் என்றார். அந்த விதியைப் பற்றி இன்னும் வாக்கெடுப்பு நடக்கிறது.