தனிக்குண்டுத் தோட்டாவும் துப்பாக்கியின் முனைக் குறுக்கமும்

காட்டுப்பன்றிகளால் பயிர்களுக்கு விளையும் நஷ்டத்தைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலக்கடலை, மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு முதலிய பயிர்கள் ஒரே இரவில் ஏர் கொண்டு உழுதாற்போல் அழிந்துபோவதுண்டு. உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் துப்பாக்கிகள் சில பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாய் இருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆயினும் இவற்றுட் பல, பறவைகளைச் சுடும் சிறு ரவைக்கென்றே செய்யப்பட்டவை. ரவைக்குப் பதிலாக ஈயத்தாலான பெரிய தனிக்குண்டு அடங்கிய தோட்டாவை, அதாவது ஸ்லக் எனப்படுவதை, இவற்றில் இடுமுன் குழல் வாயின் குறுக்கத்தை அறிந்துகொள்வது இன்றியமையாதது. அறியாது சுடுவோருக்குக் குழல் பழுதாவதேயன்றிக் கைக்கும் கண்ணுக்குமே அபாயம் நேரலாம்.

முனைக் குறுக்கம் யாது?

ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் விட்டமே பன்னிரண்டு போர் குழலின் விட்டம் என்பது பழைய கணக்கு. அது ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர் ஆகும். குழலின் வாய்ப்புறத்தில் சிறிது நீளத்துக்கு இவ்விட்டத்தைக் குறைத்து அமைப்பதையே சோக் அல்லது முனைக் குறுக்கம் என்பர். இதனால் ரவைகள் விரைவிற் சிதறாமல் நெருங்கிச் செல்லும்.

குறுக்கம் சிறிதும் இல்லாதது சிலிண்டர் குழல். சுமார் 0.25 மில்லிமீட்டர் குறுகியது கால் சோக், 0.5 மில்லிமீட்டர் குறுகியது அரைச் சோக், 0.75 மில்லிமீட்டர் குறுகியது முக்கால் சோக்; ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் குறுகியது முழுச் சோக். இவ்வளவுகள் செய்வோருக்கேற்பச் சிறிது வேறுபடும். இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் சாதாரணமாக வலக்குழல் விரிந்தும் இடக்குழல் குறுகியும் இருக்கும்.

குண்டுக்கு ஏற்ற குழல்

ரவைகள் பலவாதலின் குறுகிய வாயில் ஒன்றையொன்று ஒதுக்கி வெளியேறிவிடும். தனிக்குண்டோ குழலை முழுதும் அடைத்துக்கொண்டு வருவது. வாய் குறுகியிருப்பின் குண்டு நசுங்கியே வெளிப்பட வேண்டும். குண்டு மெதுவான ஈயமாயின் நசுங்கும். கெட்டியானதாயின் குழல்தான் விட்டுக்கொடுக்கும். அப்போது வாய் புடைத்தலும், மெல்லிய பழங்குழலாயின் வெடித்தலும் நேரிடும்.

இக்காலத்துக் குண்டுகள் பெரும்பாலும் இரு வகையின. ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கே 1898ல் அமைத்த வகை, அடியிற் பொருத்திய தக்கையுடன் பறப்பது. அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் 1931ல் அமைத்த வகை, பின்புறம் குடைவான மெதுவான ஈயம். இரண்டின் பக்கங்களிலும் வரம்பு போன்ற புடைப்புகள் உண்டு. குண்டைச் சுழற்றுவதைவிட, குறுகிய வாயில் தாம் நசுங்கிக் குழலுக்கு இடங்கொடுப்பதே இவற்றின் முக்கியப் பயன். எனினும் முழுச் சோக்கில் இக்குண்டுகள் உருக்குலைந்து குறி தப்புவது பெரும்பாலும் நிச்சயம்.

ஆகவே, தனிக்குண்டுக்குச் சிலிண்டர் அல்லது கால் சோக்குக் குழலே ஏற்றது. தோட்டா செய்தோர் பெட்டியின்மேல் அனுமதித்திருந்தாலன்றி அரைச் சோக்கில் இடலாகாது. முக்கால், முழுச் சோக்குகளை அறவே தவிர்ப்பது நலம். புடைப்பில்லாத உருண்டைக் குண்டை எவ்வகைக் குறுகிய குழலிலும் இடுதல் கூடாது. பிளாஸ்டிக் உறையுடன் வரும் சாபோ குண்டுகள் வரிவெட்டிய குழலுக்கே உரியன. வழவழப்பான குழலில் அவை நேரே செல்லா.

அடையாளம் காணும் முறை

சோக் பரவத் தொடங்கிய 1875ம் ஆண்டில், இங்கிலாந்தின் குழற்சோதனை விதிகள் குறுக்கமுள்ள குழல்களில் 'நாட் ஃபார் பால்', அதாவது 'குண்டுக்கு உரியதன்று', என்று முத்திரையிட ஏற்பாடு செய்தன. 1887க்குப் பின் அவ்விடத்தில் 'சோக்' என்ற சொல் பொறிக்கப்பட்டது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் குழலடியில் இவற்றைக் காணலாம். ஐரோப்பியத் துப்பாக்கிகள் பலவற்றில் நட்சத்திரக் குறிகள் இருக்கும்: ஒன்று முழுச் சோக்கையும், இரண்டு முக்காலையும், மூன்று அரையையும், நான்கு காலையும் குறிக்கும். பின்னர் எவரேனும் குழலை வெட்டியோ குடைந்தோ இருக்கலாமாதலின், முத்திரையை மட்டும் நம்பாமல், உரிமம் பெற்ற துப்பாக்கி வேலைக்காரரிடம் அளவுகருவி கொண்டு வாயையும் உட்குழலையும் அளந்து பார்ப்பதே உத்தமம். மரையிட்ட மாற்றுச் சோக் உள்ள துப்பாக்கியில், சுடுமுன் அம்மரை இறுக முடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

வேறு எச்சரிக்கைகள்

பழைய துப்பாக்கிகள் பல 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமைந்தவை. 70 மில்லிமீட்டர் தோட்டா அவற்றில் நுழைந்துவிடும்; ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மிகும். இருபது போர் தோட்டாவைப் பன்னிரண்டு போர் குழலில் தவறியிட்டால் அது உள்ளே வழுவி நின்றுவிடும். அறியாமல் அதன் பின் மற்றொரு தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். ரவைத் தோட்டாவை வீட்டிலே மாற்றி ஒரே குண்டாக்க முயல்வது பேராபத்து. டமாஸ்கஸ் எனப்படும் முறுக்கிரும்புக் குழல்களில் குண்டை எண்ணவும் கூடாது.

குண்டு சென்று சேரும் இடம்

சிறு ரவை சில நூறு மீட்டருக்குள் வலுவிழந்து விழும். சுமார் 28 கிராம் எடையுள்ள குண்டோ, உயர்த்திச் சுடப்பட்டால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செல்லக்கூடியது. பாறையிலும் நீரிலும் காய்ந்த கெட்டித் தரையிலும் பட்டுத் தெறிப்பதும் உண்டு. எனவே குறிக்குப் பின்னால் உயர்ந்த மண்கரை இருத்தல் அவசியம். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடுவது சமதரையிலிருந்து சுடுவதினும் அபாயம் குறைந்தது.

இதனை அஸ்தினாபுரத்தைக் கொண்டு எளிதில் உணரலாம். 2021ல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய அவ்வூரைச் சூழ்ந்து குரோம்பேட்டை, செம்பாக்கம், சிட்லபாக்கம் ஆகிய பகுதிகள் வீட்டுக்கு வீடு நெருங்கிவிட்டன. அங்கு எத்திசையிற் சுடினும் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பு இல்லாமலிராது. அண்மையில் நன்மங்கலம் காப்புக்காடு இருப்பதால் வனவிலங்குச் சட்டத்தின் தடையும் சேர்கிறது. அத்தகைய ஊர்களில் வசிப்போர், வெளியூரில் நிலம் வைத்திருப்பினும், துப்பாக்கியைச் சோதிக்க அனுமதி பெற்ற சுடுகளத்துக்கே செல்ல வேண்டும். அங்கும் தாங்கு பலகையில் வைத்து, 25 மீட்டரில் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே சோதித்துக் குண்டு படும் இடத்தைக் குறித்துக்கொள்ளல் நன்று.

சட்ட விதிகள்

துப்பாக்கி உரிமம் 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் 2016ம் ஆண்டு ஆயுத விதிகளையும் சார்ந்தது. உரிமம் இருப்பதனாலேயே விலங்கைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. எழுத்து மூலமான உத்தரவின்றி அதனைக் கொல்லலாகாது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் இல்லை; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல் உண்டு; அதற்கு அப்பாலேயே சுட இடமுண்டு. அதுவும் பயிற்சி பெற்ற அரசுப் பணியாளர் செய்வதேயன்றி நிலச்சொந்தக்காரர் செய்வதன்று. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் வனத்துறைப் பணியாளரும் சேர்ந்த குழு இதனைக் கவனிக்கும்.

ஆகையால், பன்றிகளால் சேதமுற்ற குடியானவர் சேதத்தின் அளவையும் தேதியையும் குறித்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் தாமதமின்றி மனுக் கொடுக்க வேண்டும். அனுமதியற்ற மின்வேலியும் அவுட்டுக்காயும் வைப்பது குற்றம்; அவற்றால் மாடும் மனிதரும் மாள்வதுண்டு. கிராம அலுவலர்கள் தங்கள் எல்லையிலுள்ள துப்பாக்கிக்காரர்களிடம் மூன்று விஷயங்களை விசாரித்து அறிவுறுத்துவது நன்று: குழலின் குறுக்கம் எவ்வளவு, தோட்டாவறையின் நீளம் எவ்வளவு, கைவசமுள்ள தோட்டா எவ்வகை என்பன. இம்மூன்றுக்கும் விடை தெரியாதவரை அக்குழலில் தனிக்குண்டு ஏறாதிருத்தலே பாதுகாப்பு.