தீம் பார்க் போறீங்களா? குட்டியோட கடிகாரத்தைப் பாருங்க!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. "இந்த வருஷமாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பெரியவன் ஒரு மாதமாக நச்சரித்து, நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். விடிகாலை நாலு மணிக்கு, திருநாவலூரில் உங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கிறது. தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா குடும்பம் என்று பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பேருக்கு மட்டும் எங்கே போகிறோம் என்றே தெரியாது. ஒன்று, அம்மா தோளில் தூங்கும் எட்டு மாதக் குழந்தை. இன்னொன்று, இரண்டரை வயசு வாண்டு.

விழுப்புரம், திண்டிவனம் தாண்டி சென்னைப் பக்கம் போய்ச் சேரவே நாலு மணி நேரமாவது ஆகும். ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. ஆகட்டும், முட்டுக்காடு எம்.ஜி.எம். ஆகட்டும், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த ஒண்டர்லா ஆகட்டும்... உள்ளே நுழைந்ததும் நம் மனசு போடும் கணக்கு ஒன்றுதான்: "கொடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்துடணும்!" குட்டிகளுக்கு அந்தக் கணக்கு புரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பசி, தூக்கம், வெயில். நாள் முழுக்க அவர்கள் கடிகாரப்படி நடந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். இல்லையென்றால்? அழுகையோடு முடிந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் முடியக் கூடாது.

வெயில்தான் முதல் எதிரி

கைக்குழந்தையின் உடம்பு நம்மைவிடச் சீக்கிரம் சூடாகும். வியர்த்துக் குளிரும் சக்தியும் அதற்குக் குறைவு. அதனால் பார்க் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பதினொன்றரை, பன்னிரண்டுக்கெல்லாம் நிழலுக்கு வந்துவிடுங்கள். தளர்வான பருத்திச் சட்டை, விளிம்பு வைத்த தொப்பி போதும். தள்ளுவண்டியைத் துணியால் இழுத்து மூடாதீர்கள். உள்ளே காற்று நின்று சூடு ஏறும். "தூங்குறான், வேன்லயே இருக்கட்டும்" என்று ஐந்து நிமிஷம்கூட விட்டுவிட்டுப் போகவே கூடாது. நிறுத்திய வண்டிக்குள் சூடு மளமளவென்று ஏறும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர் தேவையில்லை; அடிக்கடி பால் கொடுங்கள். பெரிய குழந்தைக்குக் கேட்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். நாக்கு வறட்சி, அழுதால் கண்ணீர் வராதது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, உச்சிக்குழி உள்வாங்குவது, துவண்டு கிடப்பது - இதில் எது தெரிந்தாலும் விளையாட்டை மூட்டை கட்டிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். 108 இருக்கவே இருக்கிறது.

'அத்தை பார்த்துக்குவாங்க!'

பன்னிரண்டு பேர் இருந்தால் பயமில்லை என்றுதானே நினைக்கிறோம்? ஆபத்தே அங்கேதான். "அத்தை பார்த்துக்குவாங்கன்னு நான் நினைச்சேன்" என்று அம்மா சொல்வாள். "அம்மாகூட இருக்கான்னு நான் நினைச்சேன்" என்று அத்தை சொல்வாள். நடுவில் குழந்தை தண்ணீரில் இருக்கும். தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது மாதிரி கத்தாது, கையை ஆட்டாது. சத்தமில்லாமல், ஓரிரு நிமிஷத்தில் எல்லாம் நடந்துவிடும். அதற்கு ஆழமும் வேண்டாம், அரை முழத் தண்ணீர் போதும்.

ஆகவே ஒருவருக்கு ஒரு குழந்தை என்று பொறுப்பு பிரியுங்கள். மாற்றும்போது "இப்ப உங்க முறை" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். தண்ணீரில் குழந்தை எப்போதும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். போன் பைக்குள் போகட்டும். காற்றடைத்த கைப்பட்டையும் மிதவை வளையமும் விளையாட்டுச் சாமான்தான், காவல் இல்லை. வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். குளோரின் போட்டாலும் எல்லாக் கிருமியும் உடனே செத்துவிடாது. மற்றக் குழந்தைகளும் அந்தத் தண்ணீரைத்தானே விழுங்கப் போகின்றன!

'மடியில வெச்சுக்கறேனே...'

ராட்டினத்துக்குப் பக்கத்தில் உயர அளவுகோல் வைத்திருப்பார்கள். "ரெண்டு விரக்கடைதானே குறையுது" என்று கெஞ்சாதீர்கள். பெல்ட்டும் கம்பியும் அந்த அளவு உடம்புக்குத்தான் பிடிக்கும். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலவீனம். குலுங்கும் எதிலும் மடியில் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. பெரியவனுக்கு ஏக்கம் வேண்டாமே: அப்பா அவனோடு ஏறட்டும், அம்மா குட்டியோடு நிழலில் இருக்கட்டும். அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

குட்டி ஏமாந்துபோகுமா? நம்ம ஊர்க் கதையையே பாருங்கள். திருநாவலூர்த் தெருவில் சின்னத் தேர் உருட்டி விளையாடிய குழந்தை சுந்தரரைப் பார்த்துத்தான் நரசிங்க முனையரையர் ஆசைப்பட்டு வளர்க்கக் கேட்டார் என்கிறது பெரியபுராணம். அந்த வயசுக்கு ஒரு பொம்மைத் தேரே திருவிழா! பார்க்கிலும் குடைராட்டினம், கணுக்கால் தண்ணீர், புல்தரை போதும்.

கிளம்பும் முன்...

* வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத பார்க்குகள் உண்டு. குழந்தை உணவு, வெந்நீர் பிளாஸ்க் கொண்டுபோகலாமா என்று முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். பாலூட்டும் அறை எங்கே என்றும் விசாரியுங்கள்.
* இரண்டு செட் மாற்றுத் துணி, துண்டு, தண்ணீருக்கென்றே விற்கும் டயாபர்.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்.
* வாசலிலேயே குட்டியைப் போட்டோ எடுங்கள். காணாமல் போனால் என்ன நிறச் சட்டை என்று தடுமாற வேண்டாம். கைப்பட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதிக் கட்டுங்கள்.

அழுகை ஆரம்பித்த பிறகு கிளம்பாதீர்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் கிளம்புங்கள். பார்க்காமல் விட்டது பாதி இருந்தால் என்ன, பார்க் எங்கேயும் ஓடிவிடாது.

வீடு திரும்பியதும், "எதுடா பிடிச்சுது?" என்று வாண்டைக் கேட்டுப் பாருங்கள். "வேன்!" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்!