பச்சிலைச் சாறும் கைச்சுத்தமும்

பொன்முடிக்குச் சுற்றுலா போய் வந்த நண்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மூடுபனியும் புல்வெளியுமாக மலை நம்மை வரவேற்கும். அம்மலையின் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான் நான் பிறந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம் எங்களுடையது.

2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது சானிட்டைசர் எங்கள் கைக்கு எட்டும் பொருளாக இல்லை. அப்பொழுது எனக்கு வயது 17. வேப்பிலை, துளசி, சோற்றுக் கற்றாழை மூன்றையும் அரைத்துச் சாறு பிழிந்து புட்டியில் அடைத்தேன். "இது இயற்கை மருந்து, சோப்பே வேண்டாம்" என்று அம்மாவிடம் பெருமை பேசினேன். படிக்கிற பிள்ளை சொல்கிறான் என்று அம்மாவும் அதைத் தடவிக்கொண்டே தங்கைக்குச் சோறு ஊட்டினாள். நான்காம் நாள் புட்டியைத் திறந்தேன். குப்பென்று நாற்றம் அடித்தது. கிருமியைக் கொல்ல வேண்டிய சாறு கிருமிக்கே உணவாகிவிட்டது!

அப்படியானால் செடிகளில் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இல்லையா? உண்டு. துளசியில் யூஜினால் இருக்கிறது. மலையாளிகள் இஞ்சிப்புல் என்றழைக்கும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரால். இவை பாக்டீரியாவின் சவ்வைச் சிதைக்க வல்லவை. பாக்டீரியா பரப்பிய தட்டில், இத்தகைய எண்ணெயில் நனைத்த காகித வில்லையை வைத்தால், மறுநாள் வில்லையைச் சுற்றி வளர்ச்சியற்ற வட்டம் ஒன்று தெரியும்.

அந்த வட்டத்தைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. ஏறக்குறைய 24 மணி நேரத்தில் வளர்ச்சி தடைப்பட்டது என்பதையே அது காட்டுகிறது. நம் கைக்கு வேண்டியதோ அரை நிமிடத்தில் அழிவு! மேலும், அரைத்த இலைச்சாற்றில் இப்பொருள்கள் மிகக் குறைவு. நீரும் சர்க்கரையுமே மிகுதி. எண்ணெயோ நீரில் கரைவதில்லை.

அரை நிமிடத்தில் அவ்வேலையைச் செய்வது ஆல்கஹால். 10 லிட்டர் திரவத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது: 96 சதவீத எத்தனால் 8,333 மி.லி.; 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மி.லி.; 98 சதவீத கிளிசரால் 145 மி.லி.; எஞ்சியது கொதித்தாறிய நீர். கலவையில் எத்தனால் 80 சதவீதமாக நிற்கும். அது கிருமியின் புரதத்தைத் திரியச் செய்கிறது. அதற்குச் சிறிது நீரும் துணை வேண்டும். பெராக்சைடு கலவைக்குள் புகுந்த பாக்டீரிய வித்துகளை அழிக்கும். கிளிசரால் தோல் வறளாமல் காக்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் இதில் கரையும். ஆயினும், ஒவ்வாமை உண்டாகலாம் என்பதால் நறுமணப் பொருள் சேர்ப்பதை அந்நிறுவனம் விரும்பவில்லை. எத்தனால் எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் இது அடுப்பங்கரையில் செய்து பார்க்கும் வேலை அன்று.

மலைச்செடிகளை நான் இகழவில்லை. காணி மக்கள் அறிந்திருந்த ஆரோக்கியப்பச்சை, எங்கள் மலையடிவாரத்துப் பாலோட்டுத் தாவர ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் ஆராயப்பட்ட பின்னரே 'ஜீவனி' என்னும் மருந்தாயிற்று. செடி மருந்தாவதற்கு வழி அதுதான். என் புட்டியோ ஒரு நாள்கூட ஆராயப்படவில்லை.

ஏழை வீட்டுக்கு ஏற்றது எது? சோப்பும் தண்ணீரும்! 40 முதல் 60 விநாடி வரை தேய்த்துக் கழுவினால் போதும். அழுக்கும் பிசுக்கும் படிந்த கைக்கு ஆல்கஹாலைவிட அதுவே மேல். தேங்காய் எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு பிறக்கிறது. ஆகவே அதுவும் தாவரத்தின் கொடையே அன்றோ?

தங்கைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அது என் அறிவால் அன்று. சென்ற விடுமுறையில் லயத்துக் குழாயடியில் ஒரு சோப்புக் கட்டியை வைத்துவிட்டு, அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நண்பர்களே! நம் வீட்டார் நம் படிப்பை நம்புகிறார்கள். சோதித்துப் பாராத ஒன்றை அவர்கள் கையில் கொடுக்காதிருப்போம்.