பிஸ்டனைக் கொன்றது யார்?

பேரகலையில் புறப்பட்டு அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை ஆகிய ஊர்களைக் கடந்து வரும் நெடுஞ்சாலை, கண்டிப் பக்கமிருந்து நுவரெலியா வழியாகப் பதுளைக்குச் செல்லும் பெருவீதியோடு வந்து கூடும் இடம் ஹாலிஎல. 1924-ஆம் ஆண்டு பதுளையை எட்டிய மலைநாட்டு இருப்புப்பாதையில் கடைசிக்கு முந்திய நிலையமும் இதுவே. பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர் இதுவரை சுகமாக வந்துவிடலாம். இங்கிருந்து மேலே லயங்களுக்குப் போவதுதான் பாடு. தேயிலைச் செடிகளுக்கிடையே கல்லும் பள்ளமுமாய் வளைந்தேறும் தோட்டப் பாதைகளுக்குப் பஸ் வருவது அரிது. மேல்நாடுகளில் இத்தகைய பாதைகளுக்கென்றே பருத்த சக்கரங்கள் நான்கு பூட்டிய வண்டிகளைச் செய்கிறார்கள். நம் மலைகளில் அரிசி மூட்டையையும் பள்ளிப் பிள்ளையையும் நோயாளியையும் ஏற்றிக்கொண்டு அந்த வேலையைச் செய்வது சாதாரண முச்சக்கர வண்டி.

அப்படிப்பட்ட ஒரு வண்டியின் நோயைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர்கள் எண்ணலாம். நாற்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த நான், விசாரணை செய்வது எப்படி என்பதை ஒரு பழுதுபார்க்கும் கொட்டிலில்தான் கற்றுக்கொண்டேன். அதை ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரை.

வண்டிக்காரன் என் பழைய மாணவன். கொழுந்தெடுக்கும் தாயின் ஒரே மகன். அவனுடையது பழைய ஈரடிப்பு எஞ்சின் வண்டி. 'டூ ஸ்ட்ரோக்' என்று எல்லோரும் சொல்வது. புகை அதிகம் கக்கும் இவ்வகை முச்சக்கர வண்டிகளை இறக்குமதி செய்வதற்கு 2008-இல் இலங்கையில் தடை வந்தது. புது வண்டி வாங்க வசதியற்றவர்கள் பழையதையே மீண்டும் மீண்டும் செப்பனிட்டு ஓட்டி வருகிறார்கள். இவனும் அவர்களில் ஒருவன்.

சென்ற ஆண்டு ஒரு மதியவேளை, ஏற்றத்தில் பாரத்தோடு போகையில் எஞ்சின் 'கிறீச்' என்று கத்தி இறுகிவிட்டது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. மனைவியின் தோட்டை அடகு வைத்து, அயலூர்ப் பட்டறையொன்றில் கொடுத்துச் செய்வித்தான். சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டனும் புது ரிங்குகளும் போட்டு, புது எஞ்சின் போலவே இருக்கிறதென்று சொல்லிக் கொடுத்தார்கள்.

வண்டி காலையில் ஓர் உதையில் உயிர்பெறும். சந்தியிலிருந்து அரை மைல் ஏறும்வரை குறையொன்றும் தெரியாது. சூடேறியதும் குணம் மாறும். கைப்பிடியை முற்றாகத் திருப்பி மூடினாலும் எஞ்சின் வேகம் குறையாமல் தானாகவே கூவும். மேலும் ஏறினால் வலு குன்றி நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும்.

ஒருநாள் இரவு மேல் லயத்தில் ஐந்து வயதுக் குழந்தைக்கு இழுப்புக் கண்டு, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இவனை அழைத்திருக்கிறார்கள். வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. குழந்தையின் தகப்பன் டார்ச் விளக்கோடு பிள்ளையைத் தோளில் சுமந்து பெருவீதிவரை நடந்தே இறங்கினான். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் மறுநாள் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த வண்டிக்காரனின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. "இனி ராத்திரில யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க, சேர்" என்றான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்தவன் அல்லவா? மலையேற ஏறக் காற்று மெலிகிறது, அதனால்தான் எஞ்சின் திணறுகிறதென்று விளக்கம் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு அவன் காபரேட்டரைச் சுத்தம் செய்தான், பிளக்கை மாற்றினான், கொயிலையும் மாற்றினான். மூன்றையும் ஒரே நாளில் செய்தான். இரண்டு நாள் நன்றாக ஓடியது போலிருந்தது. மூன்றாம் நாள் பழைய கதைதான். எது உதவியது, எது உதவவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. கையிலிருந்த பணம் மட்டும் கரைந்தது.

பிறகுதான் அந்தப் பாஸிடம் போனோம். பழுதுபார்ப்பவரைப் 'பாஸ்' என்பது நம் வழக்கு. அறுபது வயதைக் கடந்த சிங்களவர். தோட்டத்துத் தமிழைச் சரளமாகப் பேசுவார். அவர் ஸ்பானரைத் தொடவில்லை. ஒரு பலகையில் உட்கார்ந்து, வண்டிக்காரனிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். குளிரில் எப்படி? சூட்டில் எப்படி? ஏறும்போதா, இறங்கும்போதா? புகை கூடியதா? கியர் எண்ணெய் குறைகிறதா? என் மலைக்காற்று விளக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"காத்து மெலிஞ்சா பெட்ரோல் பங்கு கூடத்தானே செய்யும், மாஸ்டர்? பிளக் கறுக்கணுமே. இது வெளுத்திருக்கே!" என்றார்.

நான் வாயடைத்துப் போனேன். பிளக்கின் முனை சுண்ணாம்பு போல் வெண்மையாக இருந்தது. எஞ்சினுக்குள் பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்திருப்பதன் அடையாளம் அது. அதைப் பல தடவை கையில் எடுத்துப் பார்த்தவன் நானே.

எஞ்சினைச் சூடேற்றி, அது கூவத் தொடங்கியதும் சோக்கைப் பாதி இழுத்தார். காற்று குறைந்து பெட்ரோல் பங்கு கூடியது. எஞ்சின் சட்டென்று அமைதியாயிற்று. இனி இரண்டே வழிகள்: பெட்ரோல் குறைவாக வருகிறது, அல்லது வேண்டாத காற்று எங்கோ நுழைகிறது. குழாயைக் கழற்றிப் பெட்ரோல் தடையின்றி ஓடுவதைக் கண்டார். காபரேட்டர் துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அதுவும் சுத்தமென்றார். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தார். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடவில்லை. எஞ்சியது காற்று ஒன்றே.

இங்கே ஈரடிப்பு எஞ்சினின் இரகசியத்தைச் சிறிது சொல்ல வேண்டும். 1881-இல் ஸ்கொட்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் இவ்வகை எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றபோது, புதுக் கலவையை உள்ளே தள்ளுவதற்கென்று தனியே இன்னொரு சிலிண்டர் வைத்தார். பத்தாண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் பாத் நகரத்தவரான யோசப் டே அந்த இரண்டாம் சிலிண்டரை நீக்கிவிட்டார். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் பெட்டியையே அவர் ஒரு துருத்தியாக்கினார். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் தலைப்புறம் கலவையை அழுத்துகிறது. அதே கணத்தில் அதன் கீழ்ப்புறம் புதுக் கலவையை அந்தப் பெட்டிக்குள் உறிஞ்சுகிறது. இறங்கும்போது மேலே எரிவாயு தள்ள, கீழே உள்ள கலவை அழுந்திப் பக்கவழியால் மேலே பாய்கிறது. ஆகவே இந்த எஞ்சினுக்கு இரண்டு மூச்சுகள் உண்டு. மேல் மூச்சைக் கருவி வைத்து அளப்பது எளிது. கீழ் மூச்சைப் பெரும்பாலோர் நினைப்பதே இல்லை.

அந்தப் பெட்டியின் இரு புறமும் கிராங்க் தண்டு வெளியே வருகிறது. அவ்விடங்களை அடைப்பவை ஒயில் சீல் எனப்படும் இரண்டு ரப்பர் வளையங்கள். கிளட்ச் பக்கத்துச் சீல் பழுதானால் கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு வெண்புகை கிளம்பும். எண்ணெய் மட்டம் குறையும். அதற்காகத்தான் பாஸ் முதலிலேயே புகையையும் எண்ணெயையும் பற்றிக் கேட்டார். மறுபுறம், மின்பொறி தரும் மெக்னெட் பக்கத்துச் சீல் பழுதானாலோ புகை வராது, எண்ணெய் குறையாது. வெறும் காற்று கள்ளத்தனமாக நுழையும். காற்று மிகுந்தால் எஞ்சின் சூடேறும். அதோடு, இவ்வெஞ்சினுக்கு மசகெண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோலின் பங்கு குறைந்தால் எண்ணெயின் பங்கும் குறையும். அதிகச் சூடும் குறைந்த எண்ணெயும் சேர்ந்தால் பிஸ்டன் இறுகுவது நிச்சயம்.

பாஸ் காபரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, அவ்விரு வாய்களையும் பழைய டியூப் ரப்பரும் தகடும் வைத்து இறுக்கி அடைத்தார். ஒரு தகட்டில் சைக்கிள் வால்வைப் பொருத்திப் பம்பால் மெதுவாகக் காற்றடித்தார். அதிகமில்லை, சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு இறாத்தல் அழுத்தந்தான். அதைத் தாண்டினால் நல்ல சீலும் கெட்டுவிடுமாம். நல்ல எஞ்சின் அந்தக் காற்றைப் பல நிமிடங்கள் பிடித்து வைத்திருக்கும். இதுவோ கண்ணெதிரே இழந்தது. பிறகு மெக்னெட் சக்கரத்தைக் கழற்றி, தண்டு வெளிவரும் இடத்தில் சவர்க்கார நீரைத் தடவினார். சின்னச் சின்னக் குமிழிகள் பொங்கி எழுந்தன.

வண்டிக்காரன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிஸ்டன் செத்தது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, மாஸ்டர். அதைக் கொன்னது யாருன்னு ஒருத்தரும் கேக்கலியே" என்றார் பாஸ்.

அப்போதுதான் எனக்கு முழுக் கதையும் விளங்கியது. முதல் பிஸ்டன் இறுகியதே இந்தச் சீலால்தான். செப்பனிட்டவர்கள் செத்த பிஸ்டனை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். கொன்றதை உள்ளேயே விட்டுவிட்டார்கள். அடகு வைத்த தோட்டின் விலையில் வாங்கிய புதுப் பிஸ்டனும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. சைலன்சர் வாய்வழியே விளக்கைப் பிடித்துக் காட்டினார். பிஸ்டனின் பக்கத்தில் மெல்லிய நெடுங்கோடுகள் இரண்டு விழுந்திருந்தன. இன்னும் ஆழமாகவில்லை, தப்பித்துக்கொள்ளும் என்றார்.

அத்தோடும் அவர் நிறுத்தவில்லை. சீல் கெட்டது ஏன் என்று கேட்டார். பெயரிங் தேய்ந்து தண்டு ஆடினால் புதுச் சீலையும் அது தின்றுவிடும் அல்லவா? தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. ரப்பர் முதுமையால் இறுகியதே காரணம் என்று தெளிந்த பிறகே, இரண்டு பக்கமும் புதுச் சீல் போட்டார். மீண்டும் அடைத்துக் காற்றடித்துச் சோதித்தார். ஒரு குமிழிகூட எழவில்லை. அந்த இரண்டு வளையங்களின் விலை பிஸ்டன் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

நோயை அறிந்து, அதன் முதலை அறிந்து, தணிக்கும் வழியை அறிந்து, பிறகே செய் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையை எத்தனையோ வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அந்த முறையில் ஒருவர் வேலை செய்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன். நானோ நோயின் பெயரைச் சொல்லுமுன்பே மூன்று மருந்துகளை ஒன்றாகப் புகட்டியவன். நம் விஞ்ஞானச் செய்முறைப் பாடங்களில் விடை முன்கூட்டியே தெரிந்த பரிசோதனைகளைத்தான் செய்விக்கிறோம். விடை தெரியாத ஒரு பழுதைக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும்படி மாணவர்களிடம் சொன்னால் என்ன? பதுளையிலும் ஹாலிஎலவிலும் பழைய எஞ்சின்களுக்குப் பஞ்சமில்லை.

புறப்படும்போது பாஸ் வண்டிக்காரனுக்குச் சில புத்திமதிகள் சொன்னார். முதல் சில நாள் முழுப் பாரம் ஏற்றாதே. நீண்ட ஏற்றத்தில் நடுவே நிறுத்தி ஆறவிடு. இறக்கத்தில் கைப்பிடியை முற்றாக மூடியபடி கியரிலேயே நெடுந்தூரம் உருளாதே. சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும், ஆனால் பெட்ரோல் வராது, எண்ணெயும் வராது. இடையிடையே சற்றுத் திருப்பிக் கொடு.

இது நடந்து எட்டு மாதங்களாகின்றன. தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி மட்டும் மாதந்தோறும் போகிறது. போன வாரம் நள்ளிரவுக்குமேல் என் வீட்டுக்கு மேலே உள்ள பாதையில் ஒரு வண்டி ஏறும் ஓசை கேட்டு விழித்தேன். பழகிய சத்தம். எழுந்து உட்கார்ந்து, கடைசி வளைவுவரை அது ஏறுவதைக் காதால் பின்தொடர்ந்தேன். கால்மணி நேரம் சென்று, அதே சத்தம் பதுளைப் பக்கமாக இறங்கிப் போயிற்று. மறுநாள் விசாரித்தேன். மேல் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலியாம். அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.